டேக் ஆன் மீ: ஓடியது பாட்டா, படமா?

ஜூன் 2

தக்கலைத் தம்பி ஒருவர் எழுதியது: "நார்வே நாட்டு ஆ-ஹா குழுவின் டேக் ஆன் மீ என்ற ஆங்கிலப் பாட்டு வீடியோவால் மட்டும் ஓடிய பாட்டு. அந்தப் பென்சில் படம் இல்லையென்றால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். இல்லை என்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்."

ஜூன் 2, இரவு 10.40

வந்துவிட்டேன்.

1987. நாகர்கோவிலில் ஒரு ரெக்கார்டிங் கடை. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் நாலு நாள் கழித்து 60 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். நான் கொடுத்த பட்டியலில் ஆ-ஹாவே கிடையாது. பி பக்கத்தில் கொஞ்சம் நாடா மிச்சம் கிடந்திருக்கிறது. காலியாக விட மனம் வராமல் கடைக்காரரே ஒரு பாட்டை நிரப்பி, உள்ளட்டையில் பச்சை மையால் தமிழில் "ஆஹா" என்று மட்டும் எழுதியிருந்தார். பாட்டு பிடித்துப்போய் அவரே ஆஹா போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அது குழுவின் பெயர் என்று தெரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஆக, படத்தைப் பார்க்காமல், பாடுவது யாரென்று தெரியாமல், பெயர்கூடத் தெரியாமல் அந்தப் பாட்டை நாடா தேயத் தேயக் கேட்டவன் நான். எங்கள் தெருவில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எங்களிடம் எந்த வீடியோ வந்து வேலை செய்தது? சொல்லுங்கள் தம்பி.

இன்னொன்று. இந்தப் பாட்டு முதலில் 1984 கடைசியில் வெளியாகி இங்கிலாந்தில் நூறுக்குள்கூட வராமல் ஊற்றிக்கொண்டது. பிறகு ஆலன் டார்னி என்ற தயாரிப்பாளரை வைத்து மறுபடியும் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ஓடியது. அப்படியென்றால் ஓட வைத்தது புதுப் பதிவு. கேஸ் முடிந்தது.

ஜூன் 3, காலை

கேஸ் முடியவில்லை. நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரு படியை விட்டுவிட்டேன்.

1984 பதிவு டோனி மான்ஸ்ஃபீல்ட் தயாரித்தது. அது இங்கிலாந்தில் விழுந்தது, அவர்கள் ஊரான நார்வேயில் மட்டும் மூன்றாம் இடம் வரை போனது. டார்னியோடு செய்த பதிவு 1985இல் வந்தது. இங்கேதான் நான் வழுக்கினேன். அந்த நல்ல பதிவும் இங்கிலாந்தில் முதல் தடவை விட்டபோது விழுந்துவிட்டது. பிறகுதான் பாட்டை வெளியிட்ட வார்னர் கம்பெனியின் அமெரிக்க ஆபீஸ் பணம் போட்டு, ஸ்டீவ் பாரனை வைத்து அந்த வீடியோவை எடுத்தது. 1985 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம். இங்கிலாந்தில் மறுபடியும் விட்டார்கள், இரண்டாம் இடம். ஜெனிஃபர் ரஷ்ஷின் தி பவர் ஆஃப் லவ் மேலே உட்கார்ந்துகொண்டு இடம் விடவில்லை.

அதாவது ஒரே பாட்டு, இரண்டு பதிவு, இங்கிலாந்தில் மூன்று வெளியீடு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் பாட்டில் ஒன்றும் மாறவில்லை. வந்து சேர்ந்தது வீடியோ மட்டும்.

தக்கலைத் தம்பிக்கு ஒரு புள்ளி. எழுதும்போதே வயிறு எரிகிறது.

ஜூன் 3, மதியம்

ஆனால் கேசட் விஷயத்தில் பின்வாங்க மாட்டேன். சொல்லப்போனால் அதில் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. என் கேசட்டில் இருக்கும் பாட்டு இப்போது எல்லோரும் கேட்பது இல்லை. வேகம் கூட. குரல் இன்னும் மெல்லிசு, கிட்டத்தட்டப் பெண் குரல். எங்கள் மதினி முதலில் கேட்டுவிட்டு "யாரு பிள்ள இது, நல்லாப் பாடுதா" என்றார்கள். கீபோர்டில் ஆரம்பத் துணுக்கை வாசித்தால் வெள்ளைக் கட்டையில், ஜி-யில், தொடங்கும். இணையத்தில் வாசிப்பவர்கள் எல்லாரும் கறுப்புக் கட்டையில், எஃப் ஷார்ப்பில், தொடங்குகிறார்கள். நீளமும் குறைவு. இப்போது கிடைப்பது மூன்றே முக்கால் நிமிடம். என்னுடையது மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே.

எனவே என்னிடம் இருப்பது 1984இல் ஊற்றிக்கொண்ட அந்த முதல் பதிவு. வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட்டிலிருந்து கடைக்காரர் எடுத்திருக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் தேடும் பொருள் சும்மா கிடைத்திருக்கிறது.

ஜூன் 3, இரவு

மார்த்தாண்டத்து அண்ணன் "உண்டும்னா கேக்க வையும் ஓய்" என்கிறார். கேசட் பரணில் இருக்கிறது. பரணில் எலி இருக்கிறது. ஞாயிறு வரை பொறுங்கள்.

ஜூன் 4

பொறுக்கும் நேரத்தில் பாட்டின் பூர்வீகம். குழுவில் மூன்று பேர்: பாடகர் மார்ட்டன் ஹார்கெட், கிடாரில் போல் வாக்டார், கீபோர்டில் மாக்னே ஃபுருஹோல்மென். பின்னவர்கள் இருவரும் அதற்கு முன்பு பிரிட்ஜஸ் என்ற குழுவில் இருந்தபோதே அந்த ஆரம்பத் துணுக்கு பிறந்துவிட்டது. அப்போது பள்ளிக்கூட வயது. ஜூசி ஃப்ரூட் சாங் என்று கேலிப்பெயர், சூயிங்கத்தின் பெயர். தங்கள் இருண்ட பாணிக்கு அது ரொம்ப இனிப்பு என்று ஓரமாக வைத்திருந்தார்கள். பிறகு வார்த்தைகள் மாறின, தலைப்பும் இரண்டு மூன்று தடவை மாறியது. ஹார்கெட் வந்து சேர்ந்தபோது இதில் ஏதோ இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார்.

அந்தக் குரலைப் பற்றி ஒரு கணக்கு. பல்லவி ஆறு கட்டை ஸ்ருதி, கீபோர்டில் சொன்னால் ஏ. ஆறு கட்டை ஸ வைத்துப் பார்த்தால், "டேக்" என்ற முதல் எழுத்து மந்தர ஸ்தாயி (கீழ் அடுக்கு) ஸ. அங்கிருந்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு படியாக ஏறி, பல்லவி முடியும்போது கள்ளக்குரலில் தார ஸ்தாயி (மேல் அடுக்கு) ப-வைத் தொடுகிறார். இரண்டு ஸ்தாயி போக மேலே ஒரு பஞ்சமம். கச்சேரி மேடையிலேயே அவ்வளவு நீளத்துக்கு ஒரே பல்லவியில் யாரும் ஏறி இறங்குவதில்லை. அதைப் போய்ச் சினிமாப் பாட்டு மாதிரி சிரித்துக்கொண்டே பாடுகிறார் மனிதர்.

எங்கள் சர்ச் சபைப் பாடகர் குழுவில் ஒரு டெனர், அதாவது ஆண்களில் மேல் ஸ்வரம் பாடுபவன், இருந்தான், என் கூட்டாளி. முட்டம் கடற்கரையில் பாறை மேல் ஏறி நின்று அந்தக் கடைசி ஸ்வரத்தைப் பிடிக்கிறேன் என்று ஒரு சனிக்கிழமை முழுக்கக் கத்தினான். பிடிபடவில்லை. மறுநாள் ஆராதனையில் தொண்டை கட்டி, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான். பாவம்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

அந்த ஆரம்பத் துணுக்கை நான் சபையில் வாசித்ததுண்டா என்று ஒருவர் கேட்டதால் சொல்கிறேன். ஆமாம், சபையில் வாசித்தேன். 1988 கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ். ஜீப்பில் கார் பேட்டரி, ஒரு மைக் செட், என் மடியில் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன கேசியோ. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சும்மா இருக்காமல் அந்தத் துணுக்கை வாசித்துக்கொண்டே போனேன். மூன்றாவது வீட்டில் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார்: "தம்பி, இது எந்தக் கீர்த்தனை?" நான் பதில் சொல்லும் முன் டெனர்காரன் சொன்னான்: "நார்வே மிஷனரிமார் பாட்டு ஐயா." ஐயர் தலையாட்டினார். அடுத்த வருடம் அவரே "அந்த நார்வே பாட்டு வாசிக்கலியா?" என்று கேட்டதுதான் உச்சம்.

ஜூன் 8, ஞாயிறு

பரணில் ஏறினேன். கேசட் இருந்தது. உள்ளட்டையில் பச்சை மை மங்கி, "ஆஹா"வில் "ஹா" மட்டும் தெரிகிறது. நாடா ஒரு இடத்தில் சுருண்டு கிடந்தது, பென்சிலை விட்டுச் சுற்றி நேராக்கினேன். பெரிய பிரச்சினை கேசட்டைப் பாடவைக்கும் டெக்தான். பதினைந்து வருடம் தொடாததில் உள்ளேயிருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் கையெல்லாம் கறுப்பு. தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் போனது.

மழை வேறு. சனிக்கிழமையிலிருந்து சாரல் விடவில்லை, கரண்டும் போய்ப் போய் வருகிறது. வடசேரியில் ஒரு ரிப்பேர் அண்ணாச்சியிடம் டெக்கைக் கொடுத்திருக்கிறேன். பெல்ட் கிடைக்குமா என்று கேட்டதற்கு ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார், ஐம்பது பெல்ட் இருக்கும். "இன்னும் ஆளு வருது" என்றார்.

ஜூன் 9

வீடியோவைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடுகிறேன்.

நான் அதை முதலில் பார்த்தது 1993 வாக்கில், கேபிள் வந்த பிறகு, பக்கத்து வீட்டில். அதற்கு முன் எங்கள் ஆன்டெனா திருவனந்தபுரம் பக்கம் திரும்பி நிற்கும். வந்ததெல்லாம் மலையாளச் செய்தியும் ஞாயிறு படமும்தான். அதுவும் காற்று அடித்தால் போய்விடும்.

பார்த்ததும் வாயடைத்துப் போனேன். காபிக் கடையில் ஒரு பெண் சித்திரக் கதை படித்துக்கொண்டிருக்கிறாள். கட்டத்துக்குள் பென்சிலால் வரைந்த பையன் கண்ணடிக்கிறான். பென்சில் கை ஒன்று தாளை விட்டு வெளியே நீள்கிறது. அவள் அதைப் பிடிக்கிறாள், உள்ளே போகிறாள். உள்ளே பாதி ஆள் பென்சில், பாதி ஆள் நிஜம், நடுவில் ஒரு கண்ணாடிச் சட்டம். இது கம்ப்யூட்டர் வேலை இல்லை. நிஜமாக நடிக்க வைத்துப் படம் பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமாகத் தாளில் தடம் எடுத்து வரைந்தது. மைக்கேல் பேட்டர்சனும் கேன்டஸ் ரெக்கிங்கரும் சுமார் 3000 ஃபிரேம், பதினாறு வாரம். நான் ஸ்கூலில் ரெக்கார்டு நோட்டில் ஒரு தவளை வரைய ரெண்டு நாள் எடுத்தவன்.

1986 எம்டிவி விருதுகளில் ஆறு வாங்கியது. ஆனால் அந்த வருடத்தின் சிறந்த வீடியோ என்ற பெரிய விருது டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மணி ஃபார் நத்திங்குக்குப் போனது. அதை எடுத்தவரும் இதே ஸ்டீவ் பாரன். தன் பிள்ளையைத் தன் பிள்ளையே தோற்கடித்தது.

1984 பதிவுக்கும் ஒரு வீடியோ இருந்தது. நீலப் பின்னணியில் மூன்று பேரும் நின்று பாடுவார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்து யார் கடைக்கு ஓடுவார்கள்? தம்பிக்கு இரண்டாவது புள்ளியும் போகிறது.

ஜூன் 10

ரெண்டு புள்ளி கொடுத்த கடுப்பில் ராத்திரி தூக்கம் வரவில்லை. வெளியீடு என்றாலே எனக்கு ஒரு பழைய காயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1994இல் நானும் மச்சானும் ஆறு கிறிஸ்துமஸ் பாட்டு போட்டு ஒரு கேசட் வெளியிட்டோம். வெளியூரில் ஒரு ஸ்டுடியோ. கலவை செய்தவர் தபேலா பிரியர் போல. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், தபேலா காதுக்குள் இருக்கும். மாற்றித் தரச் சொன்னால் இன்னொரு ஷிஃப்டுக்குக் காசு கேட்டார்கள். கையில் இல்லை. 500 கேசட் அடித்தோம். சபை மண்டபத்தில் வெளியீடு, ஏத்தம்பழப் பஜ்ஜியும் காபியும். பஜ்ஜி 200 போனது. கேசட் 60.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மச்சானுக்கு ஒரு யோசனை. மிச்சக் கேசட்டுக்கெல்லாம் புது உறை போடுவோம். பழைய உறையில் மெழுகுவர்த்தி, புதியதில் நட்சத்திரம். மேலே "புதிய வெளியீடு" என்று மஞ்சள் பட்டை. பதினொன்று விற்றது. அதில் இரண்டை ஏற்கெனவே பழைய உறையில் வாங்கியவர்களே வாங்கினார்கள். வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து பேசியது இங்கே எழுதக்கூடியதல்ல. மீதி ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டிக்குப் பரிசாகப் போனது. பிள்ளைகள் பென்சில் பாக்ஸ் கேட்டார்களாம்.

அதனால்தான் ஆ-ஹா கதையில் என்னைப் பிடித்து உலுக்குவது வீடியோ இல்லை. விழுந்த பாட்டுக்கு உறை மாற்றாமல், பாட்டையே திரும்பச் செய்தார்களே, அதுதான். டிரம் மெஷின், சிந்தசைசர், குரல், எல்லாம் முதலிலிருந்து. அதுவும் விழுந்தது என்பது வேறு விஷயம்.

ஜூன் 14

டெக் வந்துவிட்டது. கேசட்டைப் போட்டேன்.

கொஞ்சம் ஆறப் போட்டு எழுதுகிறேன்.

ஜூன் 14, இரவு

சரி. அவமானத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மகளின் கீபோர்டை வைத்துப் பார்த்தேன். கேசட் துணுக்கு ஜி-யில்தான் தொடங்குகிறது. அதாவது பாட்டின் ஸ்ருதி ஆறரைக் கட்டை, இருக்க வேண்டிய ஆறுக்கு அரைக் கட்டை மேலே. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்புறம் இணையத்தில் 1984 பதிவை எடுத்துக் கேட்டேன். அது வேறு மாதிரி இருக்கிறது. வாத்தியங்கள் வேறு, பாட்டில் அந்தத் துள்ளல் இல்லை, என் கேசட்டில் இருப்பது அது இல்லவே இல்லை. என் கேசட்டில் இருப்பது எல்லோரும் கேட்கும் டார்னி பதிவுதான், அரைக் கட்டை மேலே.

அப்புறம் செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அதே பக்கத்தில் அதற்கு முந்தைய பாட்டைப் போட்டு ஒப்பிட்டேன். அதுவும் அரைக் கட்டை மேலே. அதற்கு முந்தையதும். பக்கம் முழுக்க.

வடசேரிக்குப் போன் போட்டேன். பெல்ட் மாற்றியதில் வேகம் கூடிவிட்டதா என்று கேட்டேன். வேறொரு கேசட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார், அது சரியாக ஓடியது. அண்ணாச்சி சிரித்தார்: "சார், ஒம்ம டெக்குக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்குப் பதிஞ்ச மிஷினு மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடுற மிஷின்ல பதிஞ்சா, சரியா ஓடுற மிஷின்ல வேகமாத்தான் கேக்கும்." கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அதில் ஆறு சதவீதம் தப்பினால் அரைக் கட்டை தப்பும். மூன்றே முக்கால் நிமிடப் பாட்டு மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே வருவதும் இதே கணக்குதான். ஜூன் 3ஆம் தேதி நானே இரண்டு எண்ணையும் எழுதி வைத்துவிட்டு வகுத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மார்த்தாண்டத்து அண்ணனே, சிரித்து முடித்ததும் சொல்லும்.

ஜூன் 15

டெனர்காரன் இப்போது குவைத்தில். வாட்ஸப்பில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "லேய், அப்ப முட்டத்துல வச்சு என்னைய அரைக் கட்டை கூட்டியாலே பாட வச்ச?" என்றான். ஆமாம் மக்கா, ஹார்கெட்டே தொடாத ஸ்வரத்தை உன்னைத் தொடச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தொண்டைக் கட்டுக்கு நான்தான் பொறுப்பு.

அவன் கட் பண்ணிவிட்டு அஞ்சு நிமிடம் கழித்து ஒரு குரல் செய்தி அனுப்பினான். குவைத்தில் ஏதோ பார்க்கிங்கில் நின்று, சரியான ஸ்ருதியில் பல்லவியைப் பாடியிருக்கிறான். கடைசி ஸ்வரத்துக்கு ஒரு விரல்கடை கீழே உடைந்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது.

ஜூன் 17

தக்கலைத் தம்பி பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார்: "அண்ணா, நீங்கள் படம் பார்க்காமலே, அதுவும் தப்பான வேகத்தில் கேட்டே பாட்டைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றால் ஒரு புள்ளியைத் திருப்பித் தருகிறேன்." வாங்கிக்கொண்டேன். ஆனால் நியாயமாகப் பார்த்தால், அமெரிக்காவில் வீடியோ ஓடாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டு துபாய்க்கோ திருவனந்தபுரத்துக்கோ வந்து எங்கள் கடைக்காரர் கையில் சிக்கியிருக்காது. இங்கே காதால் ஓடியது, அங்கே கண்ணால் ஓடியதால்தான். புள்ளியைப் பாதியாக வெட்டிக்கொள்வோம்.

ஜூன் 21

ஒருவர் கேட்டார், ஆ-ஹாவே மின் வாத்தியங்களைக் குறைத்துப் பாடிய 2017 அன்பிளக்ட் பதிவைக் கேட்டீர்களா என்று. கேட்டேன். நார்வேயில் கிஸ்கே என்ற தீவில் பதிந்தது. துள்ளலையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக, கிட்டத்தட்டத் தாலாட்டு. வயதான குரல். முப்பது வருடம் துள்ளிக் குதித்த வார்த்தைகளுக்குள் இவ்வளவு பயமும் கெஞ்சலும் இருந்ததா என்று இருந்தது. வீடியோ 2020 பிப்ரவரியில் யூடியூபில் நூறு கோடி பார்வை தாண்டியது, அதில் என் மகளின் பங்கே நூறு இருக்கும். ஆனால் இந்த மெதுவான பதிவை அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். "அப்பா, இது உங்க கேசட்டுக்கு நேர் எதிர்" என்றாள்.

ஜூன் 22

மார்த்தாண்டத்து அண்ணனுக்கு: டெக் மோட்டாரின் பின்னால் ஒரு ஓட்டை இருக்கிறது, சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் வேகம் குறையும், கேசட் சரியான ஸ்ருதிக்கு வந்துவிடும் என்று வடசேரி அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார். நேற்று திருப்பிப் பார்த்தேன். ஆறு கட்டைக்கு வந்தது. ஒரு பல்லவி கேட்டேன். யாரோ வேற்றாள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வாரும், ஆறரைக் கட்டையில் கேட்கலாம். வரும்போது மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டுவாரும், இங்கே இப்போது நல்லது கிடைக்கவில்லை.